வாங்குவது அப்பா, கோபப்படுவது பிள்ளை

சிறுவர் இதழ் ஒன்று அட்டையை மாற்றினாலும் சரி, அளவை மாற்றினாலும் சரி, முதலில் சத்தம் போடுகிறவர்கள் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்தான். அந்தக் காலத்து வேதாளம் போச்சு, அந்த ஓவியம் போச்சு, இப்போ வருவதெல்லாம் ஒரு புத்தகமா என்று தொடங்குவார்கள், தங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ்களை பைண்டு செய்து வைத்திருப்பதாகவும் சொல்வார்கள் (பாதிப் பேர் வைத்திருக்க மாட்டார்கள், எப்போதோ எடைக்குப் போட்டாயிற்று). அது முன்னாள் வாசகர்களின் வருத்தம். நியாயமான வருத்தம்கூட. ஆனால் இன்றைக்கு அந்த இதழைக் கையில் வைத்திருக்கிற பத்து வயதுப் பிள்ளை என்ன நினைக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு.

பிள்ளைகளுக்குக் கோபம் வருவது வேறு விஷயங்களில். குத்தாலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே உள்ள ஒரு கிளை நூலகத்துக்கு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு சனி, ஞாயிறுகளில் போவேன். அங்கே வருகிற மாத இதழ் ஒன்று, பெயர் வேண்டாம், போன வருஷம் புதுத் தோற்றத்தில் வந்தது. சொரசொரப்பான தாள் போய் வழவழப்பான தாள், பக்கமெல்லாம் கலர், அளவும் முன்பைவிடப் பெரிசு, விலையும் ஏறியிருந்தது. பார்த்த பெரியவர்கள் எல்லோருக்கும் பிடித்தது, எனக்கும்தான். பிள்ளைகள் நேராகக் கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்துப் புதிருக்குப் போனார்கள். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது விதி. புதிரைப் பென்சிலால் போட்டு ரப்பரால் அழித்துவிட்டால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது நடைமுறை. நாலைந்து பேர் போட்டு அழித்தபிறகு அந்தக் கட்டங்கள் சாம்பல் பூத்து, பழைய எழுத்து லேசாகத் தெரியும், அடுத்து வருகிறவன் அதைப் பார்த்துக் காப்பியடிக்கவும் செய்வான். புதுத் தாளில் பென்சில் ஏறவில்லை. ஒரு பையன் முனையை நாக்கில் தொட்டு அழுத்திப் பார்த்தான், வெள்ளைக் கோடு மாதிரி ஒரு பள்ளம்தான் விழுந்தது. "மாமா, இதுல எழுதவே வரல, வழுக்குது." பேனாவால் எழுதினால் காய்வதற்குள் மணிக்கட்டு பட்டு இழுவிக்கொண்டது, அப்புறம் அதை அழிக்கவும் முடியாது. அந்த இதழின் புதிர் அன்றைக்கு ஒரே ஒரு பையனோடு முடிந்துபோனது. காத்துக்கொண்டிருந்த மற்றவர்கள் அவனைத் திட்டினார்கள், இதழை இல்லை.

அடுத்த குறை அளவு பற்றியது. முன்பு கணக்கு நோட்டுக்குள் வைத்தால் வெளியே தெரியாது, இப்போது மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது, டீச்சர் பிடுங்கி வைத்துக்கொள்கிறார். மூன்றாவது, புதிர் விடை. முன்பெல்லாம் "விடை அடுத்த இதழில்" என்று இருக்கும், இப்போது கியூஆர் கோடு. அக்கா மகள் கேட்டாள், "ஃபோன் கையில கிடைச்சுட்டா அப்புறம் எதுக்கு மாமா இந்த புக்கு?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, இதழ் நடத்துகிறவர்களிடம் இருக்குமா என்றும் தெரியவில்லை.

கதைகளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கதைகளும் மாறித்தான் இருந்தன. ராஜா கதைகள் குறைந்து, பள்ளிக்கூடம், சுற்றுச்சூழல், விண்வெளி என்று வந்திருந்தது. அதைப் பிள்ளைகள் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள், பிடித்ததைப் படித்தார்கள், பிடிக்காததைப் புரட்டினார்கள். கையோடு, பழக்கத்தோடு, பகிர்ந்துகொள்வதோடு சம்பந்தப்பட்ட இடங்களில்தான் உறைத்தது.

இது ஏன் இப்படி என்று புரிய ஒரு கணக்கு உதவும். சிறுவர் இதழின் வாசகர் எட்டு வயதில் வருகிறார், பதிமூன்றில் போய்விடுகிறார். ஐந்து வருஷம், மாத இதழ் என்றால் 60 இதழ். ஆசிரியர் கண்ணில் அது எழுபது வருஷப் பாரம்பரியம், நடுவில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு அது இதுவரை தான் படித்த இருபது இதழ். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்த இருபதில் எது எந்தப் பக்கத்தில் வரும் என்று அதற்கு மனப்பாடம். இருபத்தொன்றாவது இதழில் பக்கங்களை இடம் மாற்றுவது ஓடிக்கொண்டிருக்கிற ஆட்டத்தில் பாதியில் விதியை மாற்றுகிற வேலை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வாசகர் கூட்டம் முழுசாக மாறிவிடுகிறது, யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நிர்வாகம் நினைக்கிறது. மாற்றம் நடக்கிற அந்த மாதத்தில் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும், அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இதை அம்புலிமாமாவை வைத்துப் பார்க்கலாம். 1947 ஜூலையில் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் கொண்டுவந்தார்கள், போகப் போகப் பத்துக்கு மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. எம்.டி.வி. ஆச்சார்யா, சித்ரா, சங்கர் எல்லோரும் வரைந்தார்கள், முருங்கை மரத்து வேதாளத்தைத் தோளில் சுமந்து போகிற விக்கிரமன் படம் சங்கருடையது. அவர் 2020-இல் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் எல்லாவற்றிலும் அந்தப் படம்தான். இந்த இதழின் பலம், அது பல பத்தாண்டுகள் கிட்டத்தட்ட மாறாமலே இருந்தது. தாத்தா படித்த அதே அமைப்பில் பேரனும் படித்தான். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மே மாத லீவுக்குத் தாத்தா வீட்டுக்குப் போகிற பிள்ளை, ஆற்றில் தண்ணீர் இல்லாத அந்த நாட்களில் பரணில் இருக்கிற 20 வருஷப் பழைய இதழையும் கடையில் வாங்கிய புது இதழையும் வித்தியாசம் தெரியாமல் சேர்த்துப் படித்தது. வேறு எந்தத் தமிழ் இதழுக்கும் அப்படி ஒரு வசதி வாய்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு 1998-இல் தொழிலாளர் தகராறில் இதழ் நின்றது. சுமார் ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வந்தது. நிர்வாகத்துக்கு அது ஒரு வருஷ நஷ்டம். ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கோ அது வாசக ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு, இதழ் திரும்பி வரும்போது எட்டாம் வகுப்பு, டியூஷன் என்று ஆகியிருக்கும். அடுத்த வயதுப் பிள்ளைகளுக்கு அதன் பழக்கமே தொற்றியிருக்காது, ஏனென்றால் சிறுவர் இதழைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துவது பெரும்பாலும் அண்ணனோ அக்காவோதான். 2007-இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் நிறுவனம் வாங்கியது, 2008 நவம்பரில் குழுமத்தின் ஆங்கில இதழ் தொழில்நுட்பம், விளையாட்டு, இன்றைய காலத்துக் கதை என்று தோற்றத்தை மாற்றியது. அடுத்த ஐந்தாறு வருஷத்துக்குள் அச்சு இதழ் நின்றுபோனது. மாற்றினார்கள், அதனால்தான் செத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. வாங்கிய நிறுவனமே கடனில் மூழ்கியது, இதழ் அதோடு போனது. மாறாமல் இருந்திருந்தாலும் போயிருக்கும்.

கோகுலத்தின் கதை வேறு மாதிரி, டெல்டாக்காரர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமும்கூட. கல்கி பிறந்தது மயிலாடுதுறைப் பக்கம் மணல்மேட்டுக்கு அருகே புத்தமங்கலத்தில். அவர் மறைந்து 18 வருஷம் கழித்து, 1972-இல், கல்கி குழுமம் தொடங்கிய சிறுவர் இதழ் கோகுலம். தொடக்கத்தில் சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமா பார்த்துக்கொண்டார், பிறகு குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா ஆசிரியராக இருந்தார். வாண்டுமாமா 1984-இல் தொடங்கிய பூந்தளிருக்குப் போனார். சுப்பாண்டி, கபீஷ், காக்கை காளி எல்லாம் அதில் வந்து பிரபலமானவர்கள். (சுப்பாண்டி டிங்கிள் என்ற ஆங்கிலச் சிறுவர் இதழில் முதலில் வந்தவர்தான் என்றாலும், கதையை எழுதி அனுப்பியது திருச்சியிலிருந்து ஒரு வாசகர். நம்ம ஊர்ப் பையன்தான் ஊர் சுற்றிவிட்டு வந்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.)

கோகுலம் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்ததில் கதைக்குச் சமமாக இன்னொன்றும் இருந்தது. சிறுவர் சங்கம் என்று உறுப்பினர்கள் சேர்த்தார்கள், பிள்ளைகள் எழுதியதைப் போட்டார்கள். பொதுவாகவே அந்தக் காலத்துச் சிறுவர் இதழ்களில் "சரியான விடை எழுதியவர்கள்" என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் வரும், பெயருக்குப் பக்கத்தில் ஊர். வலங்கைமான், நன்னிலம், திருப்பனந்தாள், திருத்துறைப்பூண்டி. தினசரிப் பேப்பரில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் வரவேண்டும் என்றால் புயல் அடிக்க வேண்டும், அல்லது காவிரியில் தண்ணீர் வராமல் இருக்க வேண்டும். சிறுவர் இதழில் 15 பைசா கார்டு போட்டால் வரும். அந்தப் பட்டியலைப் பெரியவர்கள் யாரும் படிக்க மாட்டார்கள், இடத்தை அடைக்கிற விஷயமாகத்தான் தெரியும், அதனால் பக்கத்தை அழகுபடுத்தும்போது முதல் கத்தரி விழுவது அதன் மேல்தான். பிறகு தபால் துறையும் பத்திரிகை, டிவி போட்டிகளுக்கென்று தனியாக ஒரு கார்டு கொண்டுவந்தது, விலை 10 ரூபாய். சாதாரணக் கார்டு 50 பைசா. பரிசே இல்லாமல் பெயர் மட்டும் வருகிற புதிருக்கு எந்த வீட்டில் பத்து ரூபாய் கொடுப்பார்கள்?

சரி, பிள்ளைகளுக்குப் பிடித்ததை எல்லாம் இதழ்கள் ஏன் எடுத்துவிடுகின்றன? வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. காசு கொடுப்பவர் வேறு, படிப்பவர் வேறு என்பதுதான் விஷயமே. கடையில் தொங்குகிற இதழை வாங்குவது அப்பாவோ அம்மாவோ, சந்தா கட்டுவது அவர்கள், "இதுல என்ன பிரயோஜனம்?" என்று கேட்பதும் அவர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் தாள் வழவழப்பாகிறது, பொது அறிவுப் பக்கம் கூடுகிறது, ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் பகுதி வருகிறது. 2012–13 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. செயல்பாட்டுக்கு 20 மதிப்பெண், சிறு தேர்வுக்கு 20, பருவத் தேர்வுக்கு 60. உடனே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் செயல்பாடு வேண்டியிருந்தது, ஒட்ட, வெட்ட, வரைய, மடிக்க. சுட்டி விகடன் அதற்கென்றே பாடவாரியாகப் பக்கங்கள் போட்டது, ஆசிரியர்களே அதைத் தேடிப் படிக்கிற நிலை வந்தது. வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்கார முடிவு, அந்தப் பக்கங்கள் பலவும் நன்றாகவே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் வெட்டி ஒட்டுகிற பக்கம் ஒரு பிரதியை ஒரே ஒரு பிள்ளைக்குச் சொந்தமாக்கிவிடுகிறது. இது நகரத்தில் பெரிய விஷயம் இல்லை. டெல்டாவின் சின்ன ஊர்களில் ஒரு சிறுவர் இதழ் ஒருவரிடம் தங்கியதே கிடையாது. வாங்கிய வீட்டில் மூன்று பிள்ளை படிக்கும், அங்கிருந்து பெரியப்பா வீட்டுக்குப் போகும், அப்புறம் தெருவில் யாருக்காவது, கடைசியில் பழைய பேப்பர் கடைக்கு, அங்கிருந்து பாதி விலைக்கு வேறொரு பிள்ளைக்கு. தினமலரோடு வந்த சிறுவர் மலர் அந்நாளில் வெள்ளிக்கிழமை வரும், கிளை நூலகத்துக்கு வெள்ளிதான் விடுமுறை, அதனால் சலூனில் அதற்காகவே முடி வெட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிற பையன்களைக் கடைக்காரர் விரட்டிக்கொண்டிருப்பார். இப்படிக் கைமாறுகிற இதழில் முகமூடியை வெட்டி எடுத்தால் பின்பக்கத்துக் கதையில் ஒரு பெரிய ஓட்டை. அடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு நரி கிணற்றில் விழுந்தது தெரியும், எப்படி வெளியே வந்தது என்பது யாருடைய முகத்திலோ கட்டியிருக்கும். நூலகப் பிரதியில் இன்னும் மோசம். வெட்டுவதற்குக் கொடுத்த பக்கத்தை வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்கிற கொடுமை, வெட்ட விட்டால் மற்ற பிள்ளைகளுக்கு. எங்கள் நூலகத்தில் இப்போது அந்தப் பக்கங்களை மேசை டிராயருக்குள் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள், பிள்ளைகள் அதை நூலகர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று நம்புகின்றன.

சொந்தமாக வாங்குகிற பிள்ளை, பகிர்ந்து படிக்கிற பிள்ளை என்று இரண்டு வாசகர்கள் உண்டு, விற்பனைக் கணக்கில் முதல் ஆள் மட்டும்தான் தெரிவார். சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி நாம் எல்லோரும் கட்டுகிறோம், அந்தப் பணத்தில் கிளை நூலகத்துக்கு இதழ் வருகிறது, ஒரு பிரதிக்கு முப்பது வாசகர். அந்த முப்பது பேரின் கோபம் பென்சில் ஏறாத தாளைப் பற்றியது என்பது எந்த ஆசிரியர் மேசைக்கும் போய்ச் சேராது.

மாற்றங்கள் எல்லாவற்றையும் பெற்றோர் தலையில் கட்டிவிடவும் முடியாது. சிறுவர் இதழுக்கு விளம்பரம் குறைவு, விலையையும் ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது, ஆக தாள் விலை ஏறினால் அடி நேராக விழும். 2019 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி நியூஸ்பிரிண்டுக்கு 10 சதவீதச் சுங்க வரி போட்டார்கள், 2020 பிப்ரவரியில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள், மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. பஸ் இல்லை, ரயில் இல்லை, கடை திறக்கவில்லை. அந்த ஆண்டு கல்கி குழுமம் கோகுலம் உட்படத் தன் அச்சு இதழ்களை நிறுத்தி இணையத்துக்குப் போனது. சுட்டி விகடனும் இப்போது வருவதில்லை. இணையத்தில் படிக்கலாம் என்று சொல்வது பெரியவர்களுக்குச் சரி. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொந்த ஃபோன் கிடையாது, அந்த வருஷம் வீட்டில் இருந்த ஒரே ஃபோனும் அண்ணனின் ஆன்லைன் வகுப்புக்குப் போனது. அந்தச் சமயத்தில் ஒன்பது, பத்து வயதில் இருந்தவர்கள் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவர்களில் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். எந்த இதழ் நின்றது என்பதைவிட, பாதியில் விட்ட தொடர் என்ன ஆனது என்றுதான் திருப்பிக் கேட்டார்கள், கதாபாத்திரங்களின் பெயர் முதற்கொண்டு நினைவிருக்கிறது.

இதற்கு இடையில் புதிதாக ஒன்று நடந்திருக்கிறது. 2022-இல் பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக இரண்டு இதழ்கள் தொடங்கியது, 4, 5 வகுப்புகளுக்கு ஊஞ்சல், 6 முதல் 9 வரை தேன்சிட்டு. பள்ளிக்கே வருகிறது, காசு கிடையாது, மாணவர்கள் எழுதியதும் வரைந்ததும் வருகின்றன. அப்பா பாக்கெட்டிலிருந்து காசு எடுக்காத ஒரு சிறுவர் இதழ் என்பது நான் மேலே சொன்ன சிக்கலில் பாதியைத் தீர்த்துவிடும். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அப்பா இருந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூடம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கட்டு வந்து பத்து நாள் கழித்துத்தான் பிள்ளைகள் கைக்குப் போனது, அதுவும் நூலக வகுப்பில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்னொரு பள்ளியில் ஓர் ஆசிரியை அதை அப்படியே பிரித்துக் கொடுத்துவிட்டு, எது பிடிக்கவில்லை என்று மட்டும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். அந்தத் தாள்களை எனக்குக் காட்டினார். பாதிப் பேர் "எல்லாம் நன்று" என்று எழுதியிருந்தார்கள், அது தேர்வு பயம். மற்றவர்கள் எழுதியதில் அதிகம் வந்தது, படம் வரைந்த பிள்ளையின் பெயர் இன்னும் பெரிய எழுத்தில் வேண்டும், ஊரையும் போட வேண்டும் என்பது. ஒரு பையன் மட்டும் தன் குறையை ஒரே வரியில் எழுதியிருந்தான்: "போன தடவை வந்த மாதிரியே இந்தத் தடவையும் வரணும்."